யாருடைய சண்டை, யாருடைய பிள்ளை

(சுன்னாகத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேசியமும் பேரரசுகளின் போட்டியும் மக்களை எப்படிப் போருக்கு இழுத்துச் செல்கின்றன என்பது இன்றைய பொருள். ஐரோப்பாவின் கதை கேட்கப் போகிறோம் என்று நினைத்து வந்திருப்பீர்கள். சரசேவோ வரும், பாரிஸ் வரும், பேர்லின் வரும். ஆனால் கூடவே பலாலியும் வரும், மருதனார்மடமும் வரும். இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் படலையைத் தட்டாமல் போன பெரும்போர் மிகக் குறைவு.

பேச்சு முழுவதும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போகப் போகிறேன். சண்டை யாருடையது? அதற்குப் போன பிள்ளை யாருடையது?

முதலில் பழைய கதை ஒன்று. 1795 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரெஞ்சுப் புரட்சிப் படை ஒல்லாந்துக்குள் புகுந்தது. ஒல்லாந்தின் தலைவராக இருந்த ஒரேஞ்சு இளவரசர் கடல் கடந்து இங்கிலாந்துக்கு ஓடினார். இலண்டனுக்கு அருகே கியூ என்ற இடத்தில் தங்கினார். அங்கிருந்து தம் குடியேற்ற நாடுகளின் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார். பிரித்தானியரை உள்ளே விடுங்கள், பிரான்சிடம் எதுவும் போய்விடக்கூடாது என்பதே அதன் சாரம். அதே ஆண்டு செப்டெம்பர் 28 அன்று யாழ்ப்பாணக் கோட்டை பிரித்தானியர் கைக்குப் போனது. எதிர்ப்பு என்று சொல்லத்தக்க ஒன்று அங்கே நடக்கவில்லை. அதற்கு முன், 1619 இல் பறங்கியரான போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை விழுங்கினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் மூன்று மாதத்துக்கு மேல் கோட்டையை முற்றுகையிட்டு அதைப் பறங்கியரிடமிருந்து பிடுங்கினார்கள். 1795 இல் ஆள் மீண்டும் மாறியது. சுன்னாகத்துக் கமக்காரனிடம் வரி கேட்கும் கை மூன்று முறை மாறியது. மூன்று முறையும் அவனை யாராவது கேட்டார்களா?

திருகோணமலையின் கதை இன்னும் கொடியது. 1782 என்ற ஒரே ஆண்டில் அந்தத் துறைமுகத்தின்மேல் மூன்று கொடிகள் பறந்தன. சனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் பிடித்தார்கள். ஆகஸ்டு முடிவில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் பிடித்தார். செப்டெம்பர் 3 அன்று இரு கடற்படைகளும் துறைமுகத்துக்கு வெளியே பீரங்கியால் பேசிக்கொண்டன. பிறகு சமாதான உடன்படிக்கை வந்தது, துறைமுகம் மறுபடியும் ஒல்லாந்தருக்கே போனது. மூலகாரணம் என்ன? வட அமெரிக்காவில் நடந்த விடுதலைப் போர். அதில் ஒருவரையொருவர் எதிர்த்த வல்லரசுகள், உலகில் எங்கெங்கே மற்றவனின் கை இருந்ததோ அங்கெல்லாம் போய் மோதின.

இவையெல்லாம் அரசர்களும் கம்பனிகளும் கூலிப்படை வைத்து நடத்திய சண்டைகள். அப்போதைய சிப்பாய்க்குச் சம்பளம் கொடுத்தால் போதும், பக்தி தேவையில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஒரு பெரிய மாற்றம் வந்தது. போர் மக்களுடையதாயிற்று. பள்ளிக்கூடம் வந்தது, பத்திரிகை வந்தது, கட்டாய இராணுவ சேவை வந்தது. என் மொழி, என் நாடு, என் கொடி என்ற உணர்வு ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்தது. அந்த உணர்வு இழிவானதா? இல்லை. சிதறிக் கிடந்த இத்தாலியரை அது ஒன்றாக்கியது. துருக்கியரின் கீழ்க் கிடந்த கிரேக்கரை எழுப்பி நிறுத்தியது. ஆனால் பேரரசுகள் அந்த உணர்வின் பலத்தைக் கண்டுகொண்டன. கூலிப்படைக்குச் செலவழித்த பணத்தை விடப் பெரிய மூலதனம் மக்களின் மானத்தில் இருக்கிறது என்பதை அறிந்துகொண்டன.

எங்கள் ஊரில் வேலிச் சண்டை தெரியாதவர் இல்லை. ஒருவர் கதியாலை நாலு விரற்கடை தள்ளி நடுவார். மற்றவர் அடுத்த அடைப்பில் ஆறு விரற்கடை தள்ளுவார். பத்து ஆண்டு கழித்து வழக்குச் செலவு அந்தக் காணியின் விலையைத் தாண்டிவிடும். ஆனாலும் விடமாட்டார்கள். அப்போது அது காணிப் பிரச்சினை இல்லை, மானப் பிரச்சினை. ஜேர்மனியும் பிரித்தானியாவும் கடலில் செய்தது இதைத்தான். 1898 இல் ஜேர்மனி பெரிய கடற்படை கட்டச் சட்டம் இயற்றியது. 1906 இல் பிரித்தானியா 'டிரெட்நோட்' என்ற புதுவகைப் போர்க்கப்பலைக் கடலில் இறக்கியது. அந்த ஒரு கப்பலால் அதற்கு முன்பு கட்டிய கப்பல்கள் எல்லாம் பழசாகிப் போயின, பிரித்தானியாவின் சொந்தக் கப்பல்கள் உட்பட. போட்டி முதற்படியிலிருந்து மறுபடி தொடங்கியது.

இதில் நான் உங்களைக் கவனிக்கச் சொல்வது கப்பலை அல்ல, கப்பல் கேட்ட மக்களை. 1909 இல் பிரித்தானிய அரசாங்கம் நாலு கப்பலா, ஆறு கப்பலா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது, எட்டு வேண்டும், பொறுக்கமாட்டோம் என்று தெருவில் முழங்கியவர்கள் சாதாரண மக்கள். ஜேர்மனியில் கடற்படைச் சங்கத்தில் இலட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். கடலையே பார்த்திராத ஊர்களில் அதற்குக் கிளைகள் இருந்தன. அவர்களில் யாருக்காவது ஆபிரிக்காவில் ஒரு பரப்பு நிலம் கிடைத்ததா?

ஏன், நாங்கள் மட்டும் விலகியா நின்றோம்? மலாயாவின் இணைந்த மாநிலங்கள் 1912 இல் பிரித்தானியாவுக்கு ஒரு முழுப் போர்க்கப்பலையே பரிசளிக்க முன்வந்தன. 'மலாயா' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். 1916 இல் ஜட்லாந்துக் கடற்போரில் அது நின்று சுட்டது. அந்த மாநிலங்களின் செல்வத்தில் இரப்பர்ப் பால் வெட்டிய தமிழ்நாட்டுக் கூலிகளின் வியர்வை இருந்தது. அந்த மாநிலங்களின் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் கணக்கு எழுதியவர்கள் எங்கள் ஊர்ப் பிள்ளைகள். அது போதாதென்று, 1914 இல் தொடங்கிய உலகப்போர் நடந்தபோது மலாயாவிலிருந்த யாழ்ப்பாணத்தவர் பணம் சேர்த்து ஒரு போர் விமானத்துக்குக் கொடுத்தார்கள். அதன் பெயர் என்ன தெரியுமா? 'யாழ்ப்பாணம்'. அவர்களைப் பழிக்க நான் இங்கே வரவில்லை. விசுவாசத்தைக் காட்டினால் மதிப்புக் கிடைக்கும் என்று நம்பிய காலம் அது. ஆனால் எண்ணிப் பாருங்கள்: எந்தச் சண்டையைப் பற்றியும் கருத்துச் சொல்ல உரிமையற்றிருந்த ஒரு சமூகம், அந்தச் சண்டைக்குத் தன் பெயரையே கொடுத்தது!

இனி 1914. யூன் 28 அன்று சரசேவோவில் பத்தொன்பது வயதுச் சேர்பிய இளைஞன் ஒருவன் ஒஸ்திரிய முடிக்குரிய இளவரசரைச் சுட்டான். அதன்பின் முப்பத்தேழு நாட்கள். யூலை 28 இல் ஒஸ்திரியா சேர்பியாமீது போர் தொடுத்தது. ஆகஸ்டு 1 இல் ஜேர்மனி ரஷ்யாமீது, 3 ஆம் திகதி பிரான்சுமீது, 4 ஆம் திகதி பிரித்தானியா ஜேர்மனிமீது. இளைஞனின் துப்பாக்கி சேர்பியத் தேசியத்துடையது. ஆனால் ஒரு கொலையை உலகப்போராக்கியது அந்தத் துப்பாக்கி அல்ல. ஒருவனோடு ஒருவன் கட்டிவைத்திருந்த கூட்டணிகள் அதைச் செய்தன. 1871 இல் பறிபோன அல்சாஸ்-லொறெயினை மறக்காத பிரான்சு செய்தது. பிந்தி வந்ததால் போதிய குடியேற்ற நாடு கிடைக்கவில்லை என்று குமுறிய ஜேர்மனி செய்தது. பால்கனில் தன் செல்வாக்கை விடமாட்டேன் என்ற ரஷ்யா செய்தது. உலகத்துக் கடலெல்லாம் எனக்கே என்ற பிரித்தானியா செய்தது.

தடுக்க ஒருவரும் இல்லையா? இருந்தார்கள். பிரான்சில் யொறேஸ் என்ற சோசலிசத் தலைவர் இருந்தார். ஜேர்மன் தொழிலாளியும் பிரெஞ்சுத் தொழிலாளியும் ஒருவரையொருவர் சுடக்கூடாது என்று ஊர் ஊராகப் பேசிவந்தவர். யூலை 31 இரவு பாரிஸில் ஒரு உணவுக்கடையில் அமர்ந்திருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் எதிரி நாட்டான் அல்ல, நாட்டுப்பற்றால் வெறிகொண்ட ஒரு பிரெஞ்சுக்காரன். போர் முடிந்தபின் 1919 இல் வழக்கு நடந்தது. நீதிமன்றம் அவனை விடுதலை செய்தது. ஒரு தேசியம் தன் சொந்த மண்ணின் நல்ல குரலையே அடைக்கத் துணியும்போது, அந்த நாடு போருக்கு ஆயத்தமாகிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

வாணிபம் போரைத் தடுக்கும் என்று சொல்லுவோர் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். பிரித்தானியாவும் ஜேர்மனியும் அப்போது ஒருவருக்கொருவர் பெரிய வாடிக்கையாளர்கள். இப்படிப் பின்னிய நாடுகள் சண்டையிட்டால் வென்றவனும் நட்டப்படுவான் என்று நோர்மன் ஏஞ்சல் என்பவர் போருக்குச் சில ஆண்டுகள் முன்னரே நூல் எழுதினார். அவர் போட்ட கணக்குச் சரி. ஆனால் மானத்துக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

போர் எங்களிடம் எப்படி வந்தது? இலங்கைச் சட்டநிரூபண சபையை யாரும் கேட்கவில்லை. இலண்டன் போருக்குப் போனதால் நாங்களும் போரில் இருந்தோம். செப்டெம்பர் 22 இரவு 'எம்டன்' என்ற ஜேர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் குதங்களைக் கொளுத்தியது. பிறகு இலங்கையைச் சுற்றிய கடலில் சரக்குக் கப்பல்களைப் பிடித்து மூழ்கடித்தது. நவம்பர் 9 இல் கொக்கோஸ் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலொன்று அதை முடித்துவைத்தது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும், அதனால் விரைந்து போகிறேன். நான் நின்று பேச விரும்புவது அடுத்த ஆண்டைப் பற்றி.

1915 மே மாத இறுதியில் கண்டியில் ஊர்வலத் தகராறொன்று கலவரமாக வெடித்தது. சிங்களவர் சிலர் முஸ்லிம்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் தாக்கினார்கள். அது நாட்டின் பல பகுதிகளுக்குப் பரவியது. சாதாரண காலமாயின் பொலிசாரும் நீதிமன்றமும் கையாளவேண்டிய குற்றம். ஆனால் காலம் போர்க்காலம். ஆட்சியாளரின் கண்ணில் எல்லாம் சதியாகத் தெரிந்தது. ஜேர்மனியின் கை இருக்குமோ, பேரரசுக்கு எதிரான எழுச்சியோ என்ற பயம். யூன் 2 இல் இராணுவச் சட்டம் வந்தது. பஞ்சாபியப் படையினர் தெருவில் இறங்கினார்கள். மதுவிலக்கு இயக்கம் நடத்திய சிங்களத் தலைவர்கள் சிறைக்குப் போனார்கள். டி. எஸ். சேனநாயக்கா, எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா எல்லோரும் உள்ளே. ஹென்றி பெட்ரிஸ் என்ற இருபத்தாறு வயது இளைஞன், போருக்காகத் திரட்டப்பட்ட கொழும்பு நகரக் காவற்படையிலேயே கப்டனாக இருந்தவன், யூலை 7 இல் சுட்டுக் கொல்லப்பட்டான்.

இந்த ஆணைகளின் பின்னால் நின்ற தேசாதிபதி சேர் றொபேட் சால்மர்ஸ். அவரை ஓர் அரக்கனாக எண்ணவேண்டாம். பாளி மொழியைக் கற்று, பௌத்த நூல்களை மொழிபெயர்த்த அறிஞர் அவர். அதே 1915 மே மாதத்தில் ஐரோப்பியப் போர்முனையில் தம் இரு மகன்களையும் பறிகொடுத்தவர். இரண்டு பிள்ளைகளையும் ஒரே மாதத்தில்! அந்தத் துயரம் ஆறும் முன்னரே இராணுவச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐரோப்பாவில் விழுந்த பிள்ளைகளுக்கும் கொழும்பில் விழுந்த பிள்ளைக்கும் இடையில் ஒரு போர் இருந்தது. அந்தப் போர் ஒரு தகப்பனின் வீட்டைக் காலியாக்கிவிட்டு, அவர் கையாலேயே இன்னொரு தகப்பனின் வீட்டைக் காலியாக்கியது.

இங்கிருந்து சிறிது தூரத்தில், மருதனார்மடத்தில், இராமநாதன் கல்லூரி இருக்கிறது. அதை 1913 இல் நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் அப்போது சட்டநிரூபண சபை உறுப்பினர். அவர் சபையில் எழுந்து இராணுவச் சட்டத்தின் கொடுமைகளைக் கேள்வி கேட்டார். பிறகு, நீர்மூழ்கிகள் வேட்டையாடிய கடலைக் கடந்து இலண்டனுக்குப் போய்ச் சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். திரும்பி வந்தபோது சிங்களத் தலைவர்கள் அவர் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாங்களே இழுத்துச் சென்றார்கள். இந்தப் படம் எங்கள் நெஞ்சில் பெருமையாக இருக்கிறது. ஆனால் முழுவதையும் சொல்லவேண்டும். அடிபட்டவர்கள் முஸ்லிம்கள். அவர்களின் இழப்புக்கு இராமநாதனின் வாதங்களில் உரிய இடம் கிடைக்கவில்லை. அந்த மனக்குறை அவர்களிடம் நெடுங்காலம் இருந்தது, அது நியாயமான மனக்குறை. ஒரு சமூகத்துக்காகப் பேசும் நல்ல குரல்கூட இன்னொரு சமூகத்தின் அழுகையைக் கேட்காமல் போகலாம். இதை எங்கள் பெரியவர் ஒருவரிடமிருந்தே படித்துக்கொள்வோம்.

அடுத்த போர் எங்கள் அடுப்பங்கரைக்கே வந்தது. யப்பானும் ஒரு பேரரசாக வேண்டுமென்று கிளம்பியது. ஆசியா ஆசியருக்கே என்றது. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் றங்கூன் விழுந்தது. இந்த இரண்டு ஊர்ப் பெயர்களும் யாழ்ப்பாணத்துக்கு என்ன பொருள்? சிங்கப்பூர் விழுந்தது என்றால் மலாயாவிலிருந்து வந்த மணியோடர் நின்றது. மகன் உயிரோடு இருக்கிறானா என்ற கடிதமும் நின்றது, மூன்றரை ஆண்டுகள். றங்கூன் விழுந்தது என்றால் பர்மா அரிசி நின்றது. அரிசியின் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்கித் தின்ற தீவு இது. கூப்பன் வந்தது. கூப்பன் கடை வரிசை வந்தது. உங்கள் பூட்டிமார் மரவள்ளியையும் குரக்கனையும் கொண்டு குடும்பத்தைக் காத்தது அந்தக் காலத்தில்தான். ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பில் குண்டு விழுந்தது. 9 ஆம் திகதி திருகோணமலையில். பலாலியில் நாம் காணும் விமானத்தளம் அந்தப் போருக்காகப் பிரித்தானியர் போட்டது.

ஆசியா ஆசியருக்கே என்றவர்கள் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீற்றர் புகையிரதப் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளரை ஆசைகாட்டியும் பிடித்தும் கொண்டுபோனார்கள். வாந்திபேதியாலும் பட்டினியாலும் அடியாலும் அந்தப் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் 80,000 முதல் 1,00,000 வரை என்று கணிக்கிறார்கள். அவர்களில் பெருந்தொகையானோர் தமிழர். அதே பாதையில் வேலைசெய்து மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. எங்கள் ஆட்களில் மிகப் பலருக்குப் பெயரும் இல்லை, கல்லும் இல்லை. விடுதலை தருவதாகச் சொன்ன பேரரசும் பேரரசுதான்.

அன்பர்களே, இவ்வளவும் பேசிவிட்டு எங்கள் சொந்தப் போரைத் தொடாமல் இறங்கினால் நீங்கள் என்னை மன்னிக்கக்கூடாது. 1983 முதல் 2009 வரை பட்டதை இந்த மண்டபத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. தன் மொழிக்கும் நிலத்துக்கும் உரிமை கேட்கும் மக்களையும், தன் கப்பலுக்குத் துறைமுகம் தேடும் வல்லரசையும் நான் ஒரே தராசில் வைக்கமாட்டேன். 1956 இன் தனிச் சிங்களச் சட்டம், ஒரு தேசியம் முழு அரசையும் தனதாக்கிக்கொண்ட செயல். அதற்கு எதிராக எழுந்தது நியாயம். ஆனால் நியாயமாக எழுந்த உணர்வுக்கும் யொறேஸைச் சுட்ட நோய் தொற்றும். மாற்றுக் கருத்தைத் துரோகம் என்று சொல்லிப் பேசியவரைச் சுட்ட நாட்கள் எங்கள் ஒழுங்கைகளிலும் இருந்தன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் இந்தக் குடாநாட்டிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்த நோய் முற்றியிருந்தது. இதைச் சுன்னாகத்தில் நின்று சொல்வது என் கடமை என்று கருதுகிறேன்.

வல்லரசுப் போட்டி அந்தப் போரிலும் இருந்தது. 1987 யூலை 29 இல் இந்திய இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. எங்கள் உயிரைப் பற்றிய ஒப்பந்தம் என்று நம்பினோம். அதோடு பரிமாறிய கடிதங்களை வாசியுங்கள். இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையை வேறு நாட்டின் படைத்தேவைக்குக் கொடுக்கக்கூடாது. அங்குள்ள எண்ணெய்க் குதங்களை இரு நாடும் சேர்ந்து சீரமைக்கவேண்டும். 1782 இல் மூன்று கொடி கண்ட அதே துறைமுகம்! 1987 ஒக்டோபரில் அமைதி காக்க வந்த இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் இடையே சண்டை தொடங்கியது. குடாநாட்டின் ஒவ்வொரு ஊரும் அதை நினைவில் வைத்திருக்கிறது.

இப்போது கடைசியாக, எங்கள் மேற்குக் கடலுக்கு வாருங்கள். 2021 சனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் எடுக்கும் திட்டம் ஒரு சீன நிறுவனத்துக்குக் கிடைத்தது. இந்தியா ஆட்சேபித்தது. திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் அதே தீவுகளில் அதே வேலையை இந்திய நன்கொடையில் செய்ய உடன்பாடு வந்தது. 2022 ஆகஸ்டில், 99 ஆண்டுக் குத்தகையில் கிடக்கும் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்குச் சீனக் கண்காணிப்புக் கப்பல் ஒன்று வந்தபோது பீஜிங், டில்லி ஆகிய இரு தலைநகரங்களிலும் சூடான அறிக்கைகள் பறந்தன. நெடுந்தீவுத் தாய்க்குத் தேவை குமிழ் எரிவதும், பிள்ளை இரவில் படிப்பதும், குளிர்பதனப் பெட்டியில் மருந்து கெடாமல் இருப்பதும். அந்தக் குமிழின் பின்னால் பேர்லினும் இலண்டனும் அன்று ஆடிய ஆட்டம் இன்று பீஜிங்குக்கும் டில்லிக்கும் இடையே நடக்கிறது.

இதில் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று கேட்கிறீர்களா? ஒரு பக்கமும் வேண்டாம். 'யாழ்ப்பாணம்' என்று பெயரிட்ட இன்னொரு விமானத்துக்கு நாங்கள் காசு சேர்க்கவேண்டியதில்லை. மின்சாரத்தை வாங்குவோம், நன்றி சொல்வோம், நிபந்தனையையும் கேட்போம். தீவுகளைப் பற்றிய ஒவ்வொரு ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் தமிழில் வெளிவரவேண்டும். நெடுந்தீவுப் பிரதேச சபையில் அது வரிவரியாக வாசிக்கப்படவேண்டும். இராடர், படகுத்தளம், காவற்படை என்று எந்தப் பெயரிலும் படைத்தேவைக்கு அந்த நிலம் போகாது என்று ஒரு பிரிவு அதில் எழுதப்படவேண்டும். இதை எங்கள் பிரதேச சபைகளிடமும் பாராளுமன்ற உறுப்பினர்களிடமும் கடிதமாகக் கேட்போம். பதில் வராவிட்டால் மறுபடி கேட்போம். பின்வரிசை மாணவர்களே, கடிதத்தின் முதற்படியை நீங்கள் எழுதுங்கள், வேண்டிய திகதிகளையும் விவரங்களையும் நான் தருகிறேன்.